பல்லவியைத் தின்ற நிரல்

மார்ச் 3, ஞாயிறு

என் அன்பு வாலுக்கு,

இன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான், மாடி வீட்டு டீச்சர், தையற்கடை அம்மா, எங்கள் பிரார்த்தனைக் குழுவில் பாட்டெடுத்துக் கொடுக்கும் பெரியவர். இத்தனை பேர் முன்னால்தான் கணினியில் என் முதல் பைத்தான் நிரல் ஓடியது!

பாட்டுப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. ஆளுக்குக் கொஞ்சமாகத் தட்டச்சு செய்ததில் பல பாட்டுகள் இரண்டு தடவை வந்திருந்தன. கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளைதான் கொடுத்தேன். கண்மூடித் திறப்பதற்குள் வேண்டாத இடைவெளி போச்சு, மறுபடி வந்த வரியெல்லாம் போச்சு. மாதக் கடைசியில் வரவும் செலவும் நேரானால் எனக்கு எப்படி இருக்கும், அப்படிச் சிலிர்த்தது. கடவுளுக்கு நன்றி சொல்லி, ஒரு தாளை அச்செடுத்துப் பாடினோம்.

முதல் சரணம் முடிந்ததும் தாளைப் பார்த்துப் பாடிய டீச்சர் இரண்டாம் சரணத்துக்குத் தாவினார். தாளைப் பார்க்காத பெரியவர் பல்லவிக்குத் திரும்பினார். இரண்டும் நடுக்கூடத்தில் முட்டிக்கொண்டன. தாளில் பல்லவி தலையில் ஒரு தடவை வந்ததோடு சரி, சரணத்துக்குப் பிறகு எங்கேயும் இல்லை.

"உன் மெஷின் பல்லவியைத் தின்னுடுச்சு போலிருக்கே" என்றார் அத்தான்.

அடுத்த வாரக் கடைசிக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். வழி சொல்லு. நீ எப்ப வர்றே?

அக்கா

மார்ச் 7

அக்கா,

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. நீயாகவே படித்து இவ்வளவு தூரம் வந்துவிட்டாயே!

வரியோடு வரியை ஒப்பிடாதே, பாட்டோடு பாட்டை ஒப்பிடு. ஒவ்வொரு பாட்டு முடிவிலும் நட்சத்திரக் குறி வைத்து, அந்த இடத்தில் வெட்டச் சொல்.

வேலை போனவள் எந்த முகத்தோடு அங்கே வருவது? வேறு வேலை கிடைக்கட்டும். உன் எல்லாக் கடிதத்திலும் அதே "நீ எப்ப வர்றே?" வரி. அதையும் உன் நிரலை வைத்து அழிச்சுடு.

வாலு

மார்ச் 12

என் அன்பு வாலுக்கு,

ஜெயித்துவிட்டேன்! அதே ஐந்து பேர், அதே கூடம். இரட்டைப் பாட்டு மட்டும் போச்சு, பல்லவி அத்தனையும் பத்திரம். இந்தத் தடவை எல்லோரும் ஒரே இடத்துக்குத் திரும்பினோம். பெரியவருக்கு நிறுத்த மனசே வரவில்லை. புத்தகம் அச்சகத்துக்குப் போய்விட்டது.

நீ சொன்னதையும் செய்து பார்த்தேன். எதற்கும் கணினியில் ஒரு நகல் வைப்பவள்தானே நான்? உனக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் அந்தப் பழைய நிரலில் போட்டேன். முதல் கடிதத்தில் மட்டும் அந்த வரியை விட்டுவைத்து, மற்றதில் துடைத்துவிட்டது. மிச்சத்தைப் படித்தேன். மழை, தண்ணீர் மோட்டார், அத்தானின் முழங்கால் வலி. யாரோ யாருக்கோ எழுதிய மாதிரி இருந்தது.

உன் வேலை விஷயத்தை அத்தானிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. "அவ என்ன, வேலையோடவா பொறந்தா? வரச் சொல்லு" என்றார். மூலை அறையில் அடைத்திருந்த சாமான்களை அவரே ஒழித்துவிட்டார். மேசையில் இரண்டு கணினி வைக்கலாம். பாட்டுகளை அகர வரிசையில் அடுக்கும் நிரல் வேறு என்னோடு மல்லுக்கட்டுகிறது.

நீ எப்ப வர்றே? சீக்கிரம் பதில் போடு.

அக்கா