அப்பாவின் கட்டியும் உன் பிரஷரும்

திகாம் பத்து

அன்பு மகன் குகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் சாந்தினியும் பெர்த்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கணும்னு மாரியம்மனை வேண்டிக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம்னு வழக்கம்போல எழுத முடியலை ஐயா. போனில் சொன்னால் அப்பா பிடுங்கி, ஒண்ணுமில்லைலான்னு மழுப்பிடுவார், அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்குப் பித்தப்பையில் கல் இருக்கான்னு பார்க்கப் போய் ஸ்கேன் எடுத்தோம். கல் இல்லை, இடது சிறுநீரகத்தில் கட்டி. மறுபடி பெரிய ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு புற்றுநோயாத்தான் தெரியுதுன்னு சொல்லிட்டாங்க. வலி இல்லை, மூத்திரத்தில் ரத்தம் இல்லை, முதல் நாள்வரைக்கும் மிளகாய் மூட்டை தூக்கின மனுஷன். நல்ல வேளை சின்னதா இருக்கு, பரவலை, கட்டி இருக்கிற பாகத்தை மட்டும் எடுத்தால் போதும்னு டாக்டரம்மா சொன்னாங்க. எதனால் வந்ததுன்னு கேட்டேன். இதுதான்னு ஒன்றைக் காட்ட முடியாது, ஆனால் தொப்பை, பிரஷர், சர்க்கரை எல்லாம் ஒரே உடம்பில் வருஷக்கணக்காச் சேர்ந்திருந்தால் இந்தப் புற்று வர வாய்ப்பு கூடும்னாங்க. சர்க்கரை கிட்னியைக் கெடுக்கும்னு தெரியும், தொப்பைக்கும் புற்றுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நமக்கு யார் சொன்னா?

அதுக்கப்புறம்தான் ஒரு கூத்து வெளியே வந்தது. நம்ம லாரி ஓட்டுற இருளப்பன் அண்ணன் பார்க்க வந்து வாசலிலேயே அழுதார். பிரஷர் மாத்திரை நிறையச் சாப்பிட்டால் கிட்னி போயிடும்னு, பிரஷர் இருக்கிற அவரும் அப்பாவும் பேசி வெச்சுக்கிட்டு, கிளினிக்கில் அப்பாவுக்குக் கொடுக்கிறதை ஆளுக்குப் பாதியாப் பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்காங்க! கிட்னியைக் காப்பாத்தினாங்களாம். பிரஷரை ஏறவிட்டதுதான் கிட்னிக்குக் கெடுதல்னு டாக்டரம்மா தலையில் அடிச்சுக்காத குறை. இருளப்பன் அண்ணனையும் கையோடு கூட்டிப்போய் அவர் பேரில் தனியாப் பதிஞ்சுட்டு வந்தேன்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். அப்பா ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்கிறார். மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். நான் விடலை. கடைசியில் என்னைப் பார்த்து, உன் மகனுக்கும் என் தொப்பைதானே, பிரஷர் ஏறியும் டாக்டர்கிட்ட போகலைன்னு நீதானே புலம்பினே, அவன் போகட்டும், நானும் கையெழுத்துப் போடுறேன்னுட்டார். சரின்னு கையைப் பிடிச்சிட்டேன். பாசார் சந்தையில் முப்பது வருஷம் மசாலா விக்கிறவள், வந்த பேரத்தை விடுவேனா. உன் பிரஷரைச் சொன்னது சாந்தினிதான், அவளைத் திட்டாதே. தீபாவளிக்கு வந்தப்போ உன் சட்டை பட்டன் இழுத்துக்கிட்டு நின்னதை நானும் பார்த்தேன். பட்டினி கிடக்கச் சொல்லலை. பால் டின் ஊத்தின தே தாரேக் டீயை விடு, சாயங்காலம் நட, மாத்திரை கொடுத்தால் முழுசாச் சாப்பிடு. பயத்தில் ஒளிஞ்சுக்கிறதில் நீங்க ரெண்டு பேரும் ஒரே அச்சு.

மாரியம்மா உங்க ரெண்டு பேரையும் கைவிட மாட்டாள். மறக்காதே, டாக்டர் என்ன சொன்னாலும் அப்பாவுக்கே நேரா போன் போட்டுச் சொல்லு. கடைக் கணக்குக்குக்கூட பேனா தொடாத மனுஷன், நேத்திலேர்ந்து சட்டைப் பையில் ஒன்றைச் செருகி வெச்சிருக்கார்.

இப்படிக்கு,
உன் வழி பார்த்திருக்கும் அம்மா
மோகனா