கல்லுக்கு முதுகு காட்டிய வகுப்பு

அக்டோபர் 3, வியாழன்

சுவரில் விரிசல் இருக்கிறது. கரும்பலகைக்கு மேல் பதித்த பெயர்க்கல்லின் வலது மூலையில் தொடங்கி ஜன்னல் வரை இறங்குகிறது. சொன்னவர் பவளம் டீச்சர், இலங்கையில் அப்புத்தளைக்கு மேலே எங்கள் அறக்கட்டளை உதவும் தேயிலைத் தோட்டப் பள்ளியின் தலைமையாசிரியை. அறக்கட்டளையின் ஆண்டு மலருக்கு விவரம் கேட்கத்தான் இன்று மதியம் போன் செய்தேன். கூரைத் தகடு, பெஞ்சு என்று எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லி முடித்த பிறகு, குரலைத் தணித்துக்கொண்டு இதைச் சொன்னார்.

உடனே ஒரு வேண்டுகோள். "நான் சொன்னேன்னு சென்றாயன் சேருக்குத் தெரிய வேணாம் அக்கா. பொம்பளப் பிள்ளைகளுக்கு டொய்லட் கட்டித் தாறேன்னு இருக்காங்க."

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 4

அந்தக் கல்லை எனக்குத் தெரியும். பர்கூரில் பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட். லாரியில் ஏற்ற ஆறு பேர் வேண்டியிருந்தது. நன்கொடை கொடுத்த பதினொரு பேரின் பெயர்களும் அதில் இருக்கின்றன. கூரைத் தகட்டில் எழுதினால் யார் ஏறிப் பார்ப்பது என்று கேட்டு, கல் யோசனையைச் சொன்னவர் சென்றாயன். எடுக்கிற போட்டோவில் எல்லாம் விழ வேண்டுமென்று, பதிக்கிற இடத்தையும் அவரே சொல்லி அனுப்பினார். சுவர் காட்டுக்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய சுவர். நாங்கள் அதற்குப் பூசியது வெள்ளை மட்டும்.

சென்றாயன் கெட்டவர் அல்ல. சிப்காட்டில் லேத் பட்டறை நடத்துகிறார். அவருடைய அம்மா அந்தத் தோட்டத்தில் பிறந்து, கப்பலேறி இங்கே வந்தவர். இந்த அறக்கட்டளையை அவர் தொடங்கியதே அதனால்தான்.

அக்டோபர் 5

பட்டறைக்குப் போனேன். டீச்சர் பெயரை எடுக்கவில்லை. அந்தப் பழைய சுவர் அவ்வளவு பாரம் தாங்குமா என்று பொதுவாகக் கேட்டேன்.

"கல்லு ஏத்தி நாலு மாசம் ஆவுதுக்கா. வுழறதுன்னா அப்பவே வுழுந்திருக்கும்," என்றார். பக்கத்துப் பட்டறை மூர்த்தியிடம் திரும்பி, "பேப்பர்ல இருந்து ரிட்டையர் ஆயும் அக்காவுக்கு நோண்டற புத்தி போவல பாரு."

மூர்த்தி சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அக்டோபர் 7

பள்ளி இருக்கும் ஊவா மாகாணத்துக்குக் கனமழை எச்சரிக்கை. கொழும்பு வானிலைத் துறை, காலை அறிக்கை.

நான் எதுக்காகக் காத்திருக்கேன்? இன்னொருத்தர் உறுதிப்படுத்தணும்னா? இது செய்தி இல்லையே. புள்ளைங்க தலைக்கு மேல தொங்குது. ஆனால் வாக்கை மீறினால் டீச்சருக்குக் கழிப்பறை கைவிட்டுப் போகும். மீறாவிட்டால்?

அக்டோபர் 8

ஒரு வழி தோன்றியது. ஆயுத பூஜைக்கு நன்கொடையாளர்கள் எல்லோரும் பட்டறையில் கூடுவார்கள். அங்கே மாட்ட, வகுப்பு நடக்கும்போது எடுத்த படம் ஒன்று வேண்டும் என்று சென்றாயனிடம் சொன்னேன். விரிசலைப் படமே காட்டிக்கொடுத்துவிடும். மகிழ்ந்துபோய் அவரே டீச்சருக்குப் போன் செய்தார்.

அக்டோபர் 9

படம் வந்துவிட்டது. சென்றாயன் வரச் சொன்னார். பட்டறையில் பூஜைக்காக லேத்துகளை டீசல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாக்கா இது, எல்லாம் கல்லுக்கு முதுகு காட்டிக் குந்தினு இருக்குது?"

பார்த்தேன். கல் மேலே பளபளவென்று இருக்கிறது. அதன் கீழே ஒட்டியிருக்கும் உலக வரைபடம் விரிசலை ஜன்னல் வரை மறைக்கிறது. வகுப்பையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பெஞ்சுகள் எல்லாம் பின்சுவரை ஒட்டி நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஒரு பெஞ்சில் ஐந்து பிள்ளைகள். பாடம் நடப்பது பின்சுவரில் சாத்திய ஒரு பலகையில். கல்லுக்குக் கீழே பாதி அறை காலி.

"அவ்வளவு எடம் காலியா கெடக்க, ஏன் இப்படி நசுங்கி உக்காரணும்?" என்று மட்டும் கேட்டேன்.

போனில் படத்தைப் பெரிதாக்கினார். சிறிதாக்கினார். மறுபடி பெரிதாக்கினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். யார் சொன்னது என்று என்னைக் கேட்கவில்லை. என் எதிரிலேயே பவளம் டீச்சரைக் கூப்பிட்டார்.

"டீச்சர், அந்த ரூமை இன்னிக்கே பூட்டிடுங்க. கல்ல எறக்கிடலாம்."



அக்டோபர் 11, ஆயுத பூஜை

கற்பூரம் காட்டியதும் சென்றாயன் கல்லை இறக்கும் விஷயத்தைச் சொன்னார். பூசணிக்காய் இன்னும் உடைக்கவில்லை.

"பேரே இல்லன்னா அடுத்த வாட்டி எவன் குடுப்பான்?" என்றார் மூர்த்தி. அது பரவாயில்லை.

சரசம்மா எழுந்தார். தளி ரோட்டில் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர். கல்லில் முதல் பெயர் அவருடைய மகனுடையது. நெடுஞ்சாலை விபத்தில் போன பையன். "ஏன்டா சென்றாயா, என் புள்ள பேர எங்கடா கொண்டுபோயி சாத்துவ?"

அந்த அம்மா பொரி கடலை வாங்காமல் போய்விட்டார்.

அக்டோபர் 14

அங்கே மண் சரிந்து பாதை மூடியிருக்கிறது. கொத்தனார் வரவில்லை. கல் இன்னும் சுவரில்.

அக்டோபர் 17, வியாழன்

கல்லை இறக்கிவிட்டார்கள். பவளம் டீச்சர் காலையில் சொன்னார். சென்றாயன் வீடியோவில் பார்த்ததாக உறுதிசெய்தார். கயிறு கட்டி இறக்கும்போது கூடவே சுவரிலிருந்து மூன்று காட்டுக்கற்கள் பெயர்ந்து விழுந்தன. அறை காலி. யாருக்கும் அடியில்லை.

முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று சென்றாயன் டீச்சரிடம் கேட்டாராம். "கல்லு உங்கட ஆசை சேர். எப்பிடிச் சொல்லுறது?" என்றாராம். இதை என்னிடம் சொன்னது சென்றாயன்தான்.

கழிப்பறைக்குக் கல்லும் கிடையாது, பெயரும் கிடையாது என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பிவிட்டார். மூர்த்தி பிடி கொடுக்கவில்லை. மாலையில் சரசம்மா எனக்குப் போன் செய்தார். மகனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எறக்கயில யாருக்கும் ஒண்ணும் ஆவலியே என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, கழிப்பறைக்கு என்னையும் சேர்த்துக்கச் சொல்லு என்று வைத்துவிட்டார்.

பிள்ளைகள் இப்போது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் படிக்கிறார்கள். சுவரைப் பார்க்கக் கல்வி அலுவலகப் பொறியாளர் 22ஆம் தேதி வருகிறார். பெயரில்லாமல் கொடுப்பார்களா என்பதற்கு மற்றவர்களின் பதில் 21, திங்கள் மாலை தெரியும்.