உள்ளங்கைச் சீனி

ஞாயிறு, இரவு

இன்றைக்கு என் வாயை ஒரு சின்ன மெஷின் அடைத்துவிட்டது.

கிளினிக்கில் வெறும் வயிற்றில்தான் இரத்தம் எடுப்பார்கள். முந்தின இரவு பாதி ரொட்டியோடு படுத்துவிடுவேன். "சீனி பரவாயில்ல" என்பார்கள். அதை எங்கள் தோட்டத்து லயத்து வீடெல்லாம் சொல்லித் திரிவேன்.

மருமகள் சுமதி பண்டாரவளையில் சீனி பார்க்கும் மெஷின் வாங்கி வந்திருக்கிறாள். காலையில் நான் நாலு ரொட்டி சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து விரலில் குத்தினாள். முந்நூறைத் தாண்டிக் காட்டியது.

"மெஷின் பழுது" என்றேன்.

"தேத்தண்ணிக்கு சீனி போட்டீங்களா அத்தை?"

"எனக்கு எப்பவும் வெறுந்தேத்தண்ணிதான்."

சுமதி என் கையைத் திருப்பினாள். உள்ளங்கை பிசுபிசுத்தது. மலையில் எல்லோரையும் போல, நானும் கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டுதான் தேத்தண்ணி குடிப்பேன். கோப்பையில் விழாததைச் சீனி என்று நான் நினைத்ததே இல்லை.

"விரல்ல சீனி ஒட்டியிருந்தா கூடுதலாத்தான் காட்டும். கழுவிட்டு வாங்க."

சந்தோஷமாகச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். மறுபடி குத்தினாள். இருநூற்று நாற்பது. கழுவினால் போகிற சீனி இல்லை அது.

நாளை ரெண்டே ரொட்டி, நிறையக் கீரை. சாப்பிட்டபின் நானே குத்திப் பார்ப்பேன். வருகிற இலக்கத்தைக் கிளினிக்கிலும் மறைக்காமல் சொல்வேன்.

சற்று முன் தேத்தண்ணி ஊற்றினேன். இடது கை தானாக நீண்டது. அதை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, கசக்கக் கசக்கக் குடித்து முடித்தேன்.