இரண்டாவது தடவை

நவம்பர் 4, செவ்வாய்

காலை முறை. மூன்று வண்டிகள் தாமதம், தொண்டை கட்டிக்கொண்டது. வழக்கமான அறிவிப்புகளை எல்லாம் இயந்திரமே சொல்லிவிடுகிறது. தாமதம், நடைமேடை மாற்றம், காணாமல்போன குழந்தை — இதற்குத்தான் நான். என் குரல் கேட்டாலே ஏதோ சரியில்லை என்று பயணிகளுக்குப் புரிந்துவிடும். பதினாறு வருடமாக இந்த மாடி அறையில் உட்கார்ந்து இப்படி ஒரு நல்ல பெயர் எடுத்து வைத்திருக்கிறேன்.

நிலைய அதிகாரி கூப்பிட்டனுப்பினார். பதினெட்டாம் தேதியோடு இங்கே குண்டு வெடித்து ஒரு வருடம் ஆகிறது. நான்காம் நடைமேடையில் நினைவு நிகழ்ச்சி. ஐம்பதடிக் கொடி, பள்ளிப் பிள்ளைகளின் தேசபக்திப் பாட்டு, முழக்கம். "செத்துப்போன இருபத்து மூணு பேரோட பேரையும் நீங்கதான் படிக்கணும் மேடம். இந்த ஸ்டேஷனுக்குன்னு ஒரு குரல் இருக்குன்னா அது உங்களதுதானே" என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் ஆட்டினேன்?

நவம்பர் 5, புதன்

"சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க" என்றேனாம். "ஒரு தடவ சொன்னா போதும், நான் பயணி இல்ல" என்கிறார் வீட்டுக்காரர். எங்கள் தொழிலில் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். முதல் தடவை யார் காதிலும் முழுதாக விழாது. இப்போது நாக்கே அப்படிப் பழகிவிட்டது, என்ன செய்வது.

நவம்பர் 6, வியாழன்

ஒரு வருடமாக எழுதாததை இன்று எழுதிப் பார்க்கிறேன்.

அன்று காலை ஒன்பது முப்பத்திரண்டுக்குத் தொலைபேசி வந்தது. இரண்டாம் நடைமேடைக்கு வர வேண்டிய வண்டி நான்குக்கு மாறுகிறது. சொன்னேன். மறுபடி சொன்னேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன் — எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி நான்காம் நடைமேடைக்குப் போனார்கள். எட்டு நிமிடம் கழித்து அங்கே யாரோ வைத்துவிட்டுப் போன பை வெடித்தது.

விசாரணையில் என் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நடந்து போனவர்களில் புத்தகக்கடை அண்ணாவின் மனைவியும் ஒருத்தர். தங்கை வீட்டுக்குக் கிளம்பியவர். அண்ணாவின் கடை முதல் நடைமேடையில், என் ஜன்னலுக்கு நேர் கீழே. முன்பெல்லாம் எனக்குக் குரல் கம்மினால் கீழிருந்தே கேட்பார்: "என்ன குரலம்மா, வண்டிக்கு ஜலதோஷமா?" இந்த ஒரு வருடத்தில் அவர் ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. கடை முகப்பில் ஒரு பெரிய கொடி, துணி மாட்டும் கிளிப்பால் நாலு பக்கமும் பிடித்திருக்கிறது. சின்ன ஸ்பீக்கரில் விடிந்ததிலிருந்து கடை அடைக்கும் வரை தேசபக்திப் பாட்டு.

எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எனக்கு அதைக் கண்டால் எரிச்சல்தான். பெண்டாட்டி போன இடத்தில் கொடியும் பாட்டுமா? இது துக்கமா, கடை ஜோடனையா? வருகிறவன் போகிறவன் எல்லாம் அதன் முன் நின்று நெஞ்சில் கை வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறான். எடுத்த கையோடு சிரிக்கிறான்.

ஆனால், வெடித்த மறுநாள் சாயங்காலம் ஊரே திரண்டு நிலைய வாசலில் நின்று பாடியதே, நானும்தானே பாடினேன்? அதுவரை வராத அழுகை அப்போதுதானே வந்தது? அது மட்டும் நிஜம், இவருடையது நாடகமா? தெரியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஊழியர்கள் எல்லோருக்கும் சட்டையில் குத்தக் கொடிச் சின்னம் கொடுத்தார்கள். குத்தினேன். கழற்றினேன். மறுபடி குத்தினேன். புடவையில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம்.

மகளின் பள்ளிதான் அன்று பாடப்போகிறது. வீட்டில் காலையிலிருந்து ஒத்திகை. நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அம்மா, பாட்டு முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டுவாங்களா, அழுவாங்களா? டீச்சர் சிரிச்ச முகமா நிக்கச் சொல்றாங்க."

அப்பாவைக் கேள் என்றேன். அவர் அம்மாவைக் கேள் என்றார்.

நவம்பர் 11, செவ்வாய்

போயிருக்கக் கூடாது. போனேன்.

புத்தகக்கடை அண்ணாவின் மனைவி பெயரை நான் வாசிக்கப் போகிறேன், அதை அவரிடம் முன்பே சொல்லிவிடுவதுதான் முறை என்று தோன்றியது. படியிறங்கிக் கடைக்குப் போனேன். வார இதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. பாட்டு காதைப் பிளந்தது. விஷயத்தைச் சொன்னேன். தலையை அசைத்தார். அதோடு திரும்பியிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அண்ணா, பாட்டு இவ்வளவு சத்தமா வேணுமா? அண்ணியை நெனைக்கிறதுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் ஒரு இதழை எடுத்து, தூசு தட்டி, வைத்துவிட்டுச் சொன்னார். "பாட்டு ஓடினா உங்க குரல் கேக்காதும்மா."

அடுத்த இதழை எடுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. பாட்டு இல்லாத நேரத்துல நீங்க பேசினா ரெண்டு காதையும் பொத்திக்குவேன். வியாபாரத்துக்கு நடுவுல எத்தன தடவ பொத்தறது?" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

எப்படிப் படியேறினேன் என்று தெரியவில்லை. ஒரு வருஷமா அந்த மனுஷன நாடகக்காரன்னு நெனச்சிட்டிருந்தேனே — நான் என்ன ஜென்மம்? அவர் ஒளிஞ்சுக்கிட்டதே என் குரலுக்குப் பயந்துதான்.

நவம்பர் 12, புதன்

இன்று இரண்டு தாமதம். மைக்கைத் தொடவே கை வரவில்லை. முணுமுணுத்தேன். பயணிகள் வந்து சண்டை போட்டார்கள்.

நவம்பர் 13, வியாழன்

பெயர் வாசிக்க முடியாது என்று நிலைய அதிகாரியிடம் சொன்னேன். காரணம் கேட்டார். தொண்டை என்றேன். "அஞ்சு நாள்ல சரியாயிடும்" என்று மாத்திரைப் பட்டையை நீட்டினார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டதாம். ஒன்பது நாற்பதுக்குப் பெயர்கள், பிறகு பாட்டு, பிறகு சிறப்பு விருந்தினர் பேச்சு, முழக்கம். ஒன்பது ஐம்பதுக்கு விரைவு வண்டி மூன்றாம் நடைமேடையில் நிற்காமல் போகும், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

துக்கத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதிலும் பாதி விருந்தினருக்கு.

நவம்பர் 15, சனி

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "அவர் நாட்டுக்காகப் போடல, காதுக்காகப் போடறார். போட்டுட்டுப் போகட்டுமே" என்றார்.

அப்படியென்றால் மற்றவர்கள்? ஐம்பதடிக் கொடி எதை மறைக்க? அன்று நான் பாடியது எதைக் கேட்காமல் இருக்க? யோசித்தால் தலை சுற்றுகிறது. யோசிக்காவிட்டால் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 17, திங்கள்

பெயர்ப் பட்டியலைக் குளியலறையில் நின்று மெதுவாக வாசித்துப் பார்த்தேன். பதினான்காவது பெயரில் குரல் போய்விடுகிறது. அண்ணியின் பெயர் அது.

நவம்பர் 18, செவ்வாய்

மானம் போய்விட்டது.

மேடையில் ஏற மாட்டேன், என் அறையிலிருந்தே வாசிக்கிறேன் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டேன். ஜன்னலில் எல்லாம் தெரிந்தது — நாலாம் நடைமேடையில் கொடி, பள்ளிப் பிள்ளைகள், முதல் வரிசையில் குடும்பத்தார். புத்தகக்கடை அண்ணா அங்கே போகவில்லை. தன் கடை வாசலிலேயே கொடிக்குப் பக்கத்தில் நின்றார். இன்று மட்டும் ஸ்பீக்கரை அணைத்திருந்தார்.

ஒன்பது நாற்பது. மைக்கைத் திறந்தேன். முதல் பெயர். ஒரு மூச்சு. முதல் பெயர். அடுத்த பெயர். ஒரு மூச்சு. மறுபடி அதே பெயர். சத்தியமாக நான் உணரவே இல்லை. பதினாறு வருடப் பழக்கம், நாக்கு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழாவது பெயர் வரும்போது நிலைய அதிகாரி கீழிருந்து கையை ஆட்டுவதைப் பார்த்தேன், அப்போதுதான் உறைத்தது. நிறுத்தலாமா? முதல் ஏழு பேருக்கு இரண்டு முறை, மிச்சப் பேருக்கு ஒன்றா? எட்டாவது ஆளின் அம்மா கீழே உட்கார்ந்திருக்கிறாரே. இருபத்து மூன்றையும் இரண்டு முறை சொன்னேன். பதினான்காவதும் வந்துவிட்டது, எப்படியோ. தலை நிமிர்ந்து கீழே பார்க்கத் தைரியமில்லை.

பிள்ளைகள் இரண்டாம் சரணம் பாடும்போது விரைவு வண்டி தடதடவென்று வந்து பாட்டை விழுங்கிவிட்டது. மகள் வாயசைப்பது மட்டும் தெரிந்தது. விருந்தினர் இரண்டு வரி பேசிவிட்டுக் காரேறினார். யாரும் கை தட்டவில்லை. அழுதார்களா என்று இங்கிருந்து தெரியவில்லை.

"அஞ்சு நிமிஷத்த முழுங்கிட்டீங்களே மேடம்" என்றார் நிலைய அதிகாரி. நாளைக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டும்.

நவம்பர் 19, புதன்

விளக்கம்: பழக்க தோஷம். அதற்கு மேல் என்ன எழுத?

நவம்பர் 27, வியாழன்

ஐம்பதடிக் கொடியை மடித்துக் கிடங்கில் வைத்தார்கள். மடிக்க எட்டு பேர். அண்ணாவின் கடைக் கொடி அப்படியேதான் இருக்கிறது. பாட்டும் அதே சத்தம். ஆக, ஒன்றும் மாறவில்லை. மாற வேண்டும் என்று நான் எதை எதிர்பார்த்தேன்?

டிசம்பர் 3, புதன்

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். புத்தகக்கடை அண்ணா. இரண்டு மாடி ஏறி வந்த மூச்சிரைப்பு. உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. ஜன்னலிலிருந்து தன் கடையைப் பார்த்தார்.

"இங்கேருந்து எல்லாம் தெரியுதே" என்றார். பிறகு, "அன்னிக்கு நீங்க படிக்க ஆரம்பிச்சதும் காதைப் பொத்திக்கிட்டேன் குரலம்மா. பட்டியல்ல பதினாலாவது அவ பேருன்னு தெரியும். ஜனங்க ஒவ்வொரு பேரையும் ஒரு தடவ கூடவே முணுமுணுத்தாங்க, அவங்க வாயைப் பாத்து எண்ணிக்கிட்டே இருந்தேன். அவ பேரு முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சுக் கைய எடுத்தேன். அப்ப மறுபடி சொன்னீங்க."

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். மன்னிப்புக் கேட்கவா? எதற்கு என்று தொடங்க?

"அவளும் அப்படித்தான். எதையும் ஒரு தடவ சொன்னா காதுல விழாது, ரெண்டாவது தடவதான் எழுந்திரிப்பா" என்றார். சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போய் நின்றார். இருவரும் ஒரே படியைத்தான் நினைத்திருப்போம், என் இரண்டாவது அறிவிப்புக்கு எழுந்து அண்ணி பெட்டியோடு ஏறிய அந்தப் படியை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடையில ஆள் இல்ல" என்று இறங்கிப் போய்விட்டார்.

நாலு மணிக்கு ஒரு வண்டி தாமதம். கீழே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் மைக்கைத் திறந்து, "பயணிகளின் கவனத்திற்கு" என்றதும் பாட்டு நின்றது. எதற்கு என்று பார்த்தேன். அண்ணா ஸ்பீக்கரில் ஒரு கையை வைத்துக்கொண்டு கொடியைப் பார்த்து நின்றார். மற்றக் கை காதுக்குப் போகவில்லை. இரண்டு தடவையும் சொல்லி முடித்தேன். பிறகு பாட்டு மறுபடி ஓடியது.