பதினான்கில் ஒன்பதாவது

அக்கா,

நேற்றுப் பிற்பகல் உங்கள் வீட்டுக்கார அண்ணை நூலகத்துக்கு வந்தார். வாசலில் இருக்கும் புத்தகம் திருப்பும் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்; போடவில்லை. மற்றவர்களோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், ஒரு சமையல் புத்தகத்தையும் நீல நிற பிளாஸ்டிக் கோப்பு ஒன்றையும் என் முன்னால் வைத்தார். சமையல் புத்தகம் எங்கள் நூலகத்தினுடையது. நீங்கள் போன பிறகு அதை ஒவ்வொரு மாதமும் உங்கள் பெயரில் நானே புதுப்பித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று ரெகுலா ஒருநாளும் கேட்கவில்லை. என் மேலதிகாரியிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

கோப்பு உங்களுடையது. அண்ணை போனபின் திறந்தேன். கை துடைக்கும் ஸ்பிரிட்டின் மணம் இன்னும் அதற்குள் இருந்தது. காகிதத்தைத் தொடும் முன் கையைத் துடைக்கும் ஒரே வாசகர் நீங்கள்தான். மற்றவர்கள் ஐஸ்கிரீம் கையோடு வருவார்கள்.

நீங்கள் முதல்முறை வந்த நாள் நினைவிருக்கிறது. நான் இந்தச் சிறு நகரத்தில் வேலை எடுத்ததற்கு ஒரு காரணம், இங்கே என்னை யாருக்கும் தெரியாது என்பது. பேர்ணுக்குப் பக்கத்தில், எங்கள் ஆட்கள் நிறைந்த ஓஸ்டர்முண்டிகனில் அம்மா அப்பாவோடு கடைக்குப் போனால் பாலுக்கும் பாணுக்கும் நடுவில் மூன்று பேராவது என் வயதையும் கல்யாணத்தையும் விசாரிப்பார்கள். இங்கே அந்தக் கரைச்சல் இல்லை. ஆகவே ஒரு புதன்கிழமை, நீலக் குளிர்ச்சட்டையோடு ஒரு தமிழ்ப் பெண் மேசையை நோக்கி வந்தபோது, 'ஆரின்ரை மகள்?' என்ற கேள்விக்கு என்னைத் தயார்படுத்திக்கொண்டேன். நீங்கள் கேட்டது வேறு.

"இஞ்சை சத்தமில்லாம இருந்து வாசிக்க இடம் கிடக்கோ?"

புதன் பிற்பகலில் பள்ளி இல்லை. நூலகம் முழுக்கப் பிள்ளைகள். "அக்கா, புதன்கிழமையிலை இல்லை," என்றேன்.

"பரவாயில்லை. நான் வேலை செய்யிற இடத்திலை இதைவிடச் சத்தம்."

நீங்கள் வேலை செய்தது ஆஸ்பத்திரியின் நிலக்கீழ்த் தளத்தில். அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, கிருமி நீக்கி மேலே அனுப்பும் பகுதி. பத்தொன்பது வருடம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பட்டியல் உண்டு என்று சொன்னீர்கள். கத்தரிக்கோல் இத்தனை, இடுக்கி இத்தனை, கொக்கி இத்தனை. கீழே இரண்டு கோடுகள்: அடுக்கியவர், சரிபார்த்தவர். இரண்டு கையெழுத்தும் ஒரே ஆளுடையதாக இருக்கக்கூடாது. "ஒண்டு குறைஞ்சாலும் தட்டு வெளியிலை போகாது," என்றீர்கள். அதில் ஒரு பெருமை இருந்தது. எனக்கும் பட்டியல்கள் பிடிக்கும். நாங்கள் சிநேகிதமானது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அந்த வருடம்தான் எங்கள் நூலகத்துக்கு ஆய்வுத் தரவுத்தளங்களின் அனுமதி கிடைத்தது. மருத்துவம், சட்டம், பழைய செய்தித்தாள்கள் எல்லாம் ஒரே கடவுச்சொல்லில். கடவுச்சொல் எழுதிய துண்டு விசைப்பலகையின் அடியில் நான்கு மாதம் தூங்கியது. ஒருநாள் ரெகுலா, "யாராவது இதைப் படிக்கத்தான் வேண்டும், எனக்கு முதுகு வலிக்கிறது," என்றார். முதுகுக்கும் தரவுத்தளத்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பேர்ணில் ஒருநாள் பயிற்சிக்கு நான் போனேன்.

திரும்பி வந்து முதல் தேடலை உங்களுக்காகத்தான் செய்தேன். அதற்குள் உங்கள் நோய்க்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நுரையீரல் மெல்ல மெல்லத் தழும்பாகிக்கொண்டு வரும் நோய். படியேறினால் மூச்சு வாங்கியது, இருமல் போகவில்லை. "டொக்டர் ஒவ்வொருவருக்கும் வித்தியாசம் எண்டுறார்," என்றீர்கள். "எனக்கு என்ரை கேள்விக்கு மறுமொழி வேணும்."

உங்கள் கேள்வி மிகச் சின்னது. யாழ்ப்பாணத்தில் உங்கள் தங்கை. நீங்கள் அவரை நேரில் கண்டு இருபத்தாறு வருடம். முதலில் போக முடியாத காரணம் பயணப் பத்திரங்களில் இருந்தது, பிறகு வேலையில் இருந்தது, பிறகு பழக்கமாகிவிட்டது. அடுத்த ஆவணியில் தங்கையின் மகளுக்குக் கல்யாணம். அப்போது போவதாகச் சொல்லியிருந்தீர்கள். அடுத்த ஆவணிவரை பொறுக்கலாமா, அல்லது இப்போதே போகவேண்டுமா? அவ்வளவுதான் கேள்வி.

நான் ஜெர்மன் மொழியில் வழக்கமாகச் சொல்லும் நோயின் பெயரைத் தட்டினேன். பல்லாயிரம் முடிவுகள் வந்து விழுந்தன. நீங்கள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தீர்கள்.

"இவ்வளவையும் வாசிக்க எனக்கு எத்தினை நுரையீரல் வேணும்?"

பிறகு கைப்பையிலிருந்து மருத்துவரின் கடிதத்தை எடுத்து, அதிலிருந்த நீண்ட லத்தீன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னீர்கள். கருவிகளின் லத்தீன் பெயர்களோடு பத்தொன்பது வருடம் வாழ்ந்தவர் நீங்கள். எனக்குத்தான் நாக்குச் சுழன்றது. பயிற்சியில் சொன்னபடி, தரவுத்தளம் கட்டுரைகளை வகைப்படுத்தும் தலைப்புகளில் அதைத் தேர்ந்தெடுத்தேன். பயணம், விமானம், நோயின் போக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். வயதைச் சுருக்கினேன், ஆண்டைச் சுருக்கினேன். மூன்று வாரம் விட்டுவிட்டுப் பார்த்தேன். பல்லாயிரம் நூறாகி, நூறு பதினான்காகியது. அந்தப் பதினான்கைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு குளத்தை இறைத்து அடியில் கிடந்த மோதிரத்தை எடுத்தது போல இருந்தது.

மறுநாள் அண்ணை வந்தார்.

அதற்கு முன் அவரை நான் கண்டதில்லை. பிள்ளைகளின் படப் புத்தகங்களுக்கு நடுவில் நின்று, மெதுவான குரலில் கதைத்தார். "பிள்ளை, அவ உங்களிட்டை ஏதோ கேட்டிருக்கிறா எண்டு தெரியும். நல்லதைக் குடுங்கோ. பயப்பிடுத்திறது ஒண்டும் வேண்டாம். அவவுக்குத் தெரியாட்டி அவ நல்லாய் இருப்பா."

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். எங்கள் ஆட்களுக்கு அந்தத் தலையாட்டல் போதும்.

பதினான்கு கட்டுரைகளையும் அச்செடுத்து, மேல் மூலையில் பென்சிலால் எண் போட்டிருந்தேன். ஒன்பதாவது உங்கள் நோயின் அதே வகையைப் பற்றியது. பலருக்கு நிலைமை ஒரு வருடத்துக்குள் சடுதியாக மாறியதாக அதில் இருந்தது. நீண்ட விமானப் பயணம் போக எண்ணுபவர்கள் அதைத் தள்ளிப்போட வேண்டாம் என்றும் இருந்தது. உங்கள் கேள்விக்கு நேரான மறுமொழி அந்த ஒன்றில்தான். அதை உருவி என் மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.

கருணை என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் செய்தி வடிகட்டித்தான் வரும். சித்தப்பா இறந்ததை என் பரீட்சை முடியும்வரை, பதினொரு நாள், எனக்கு ஒளித்தார்கள். அந்தப் பதினொரு நாளும் நான் சிரித்துக்கொண்டு திரிந்ததை நினைத்து வருடக்கணக்காகக் கோபப்பட்டிருக்கிறேன். அப்படிக் கோபப்பட்ட நான்தான் இழுப்பறையை மூடினேன்.

ஆனால் ஒரு பிழை விட்டேன். பயிற்சியில் ஒரு விதி சொல்லித் தந்திருந்தார்கள்: ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு தேடல் குறிப்பு எழுதவேண்டும். எந்தச் சொற்கள், எந்தத் திகதி, எத்தனை முடிவுகள். நான் அதை அழகாகத் தட்டெழுதி, கோப்பின் மேலே முதல் பக்கமாக வைத்திருந்தேன். கடைசி வரி: 'தேர்ந்தவை: 14.' அந்தத் தாளில் எனக்கு இருந்த பெருமையில் அதைத் திருத்த மறந்துபோனேன்.

வேறு யாராக இருந்தாலும் தப்பியிருப்பேன்.

அடுத்த புதன்கிழமை நீங்கள் ஜன்னலோர மேசையில் இருந்து, கையைத் துடைத்து, வாசிக்க முன் எண்ணினீர்கள். ஒவ்வொரு கட்டுரையாக வெளியே எடுத்து, மேசையில் வரிசையாக அடுக்கி, மூலையைச் சுட்டுவிரலால் தொட்டு. நான் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டில் உங்கள் விரல் நின்றது. பத்துக்குப் போனது. திரும்ப எட்டுக்கு வந்தது.

கொமிக்ஸ் புத்தகங்களோடு நின்ற இரண்டு சிறுமிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று வந்தீர்கள்.

"பதின்னாலு எண்டு எழுதியிருக்கு. பதின்மூண்டுதான் கிடக்கு. ஒம்பது எங்கை?"

"பிரிண்டர் விட்டிருக்கும், அக்கா."

"ஒம்பதை மட்டும் விட்டதோ? நல்ல கெட்டிக்காரப் பிரிண்டர்."

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"அவர் வந்தவரோ?"

என் கண் இழுப்பறைக்குப் போனது.

"வந்திருப்பார். டொக்டரிட்டையும் போய் இதைத்தான் கேட்டவர். டொக்டர் சிரிச்சுப்போட்டு என்னட்டைச் சொல்லிப்போட்டார்." உங்கள் குரல் உயரவே இல்லை. "அவர் என்ரை மனுசன். அவர் ஒளிக்கலாம். ஒளிக்கிறார் எண்டு எனக்குத் தெரியும், அதாலை காரியமில்லை. நீர் ஒளிக்கக்கூடாது. நீர் தாறது முழுசு எண்டு நம்பித்தானே நான் இஞ்சை வாறன்."

இழுப்பறையைத் திறந்து ஒன்பதாவதை எடுத்துத் தந்தேன். குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே இருந்து அதை வாசித்தீர்கள். ஒருமுறை மட்டும் எழுந்து வந்து ஒரு ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டீர்கள். 'சடுதியாக' என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனீர்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பிப்போய், நான் பூட்டுவதற்குத் திறப்பை எடுத்த நேரம், எல்லாவற்றையும் கோப்புக்குள் அடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தீர்கள்.

"ஐப்பசியிலை அங்கை மழை தொடங்கீடுமோ?"

நான் யாழ்ப்பாணத்தைப் படத்தில்தான் கண்டவள். "பார்த்துச் சொல்றன், அக்கா," என்றேன்.

"தேடல் குறிப்போட சொல்லும்," என்றீர்கள்.

மருத்துவரோடு கதைத்து, ஐப்பசியில் மூன்று கிழமை போனீர்கள். அண்ணையும் கூடப் போனார், அவர் என்ன சொல்லிச் சம்மதித்தார் என்று நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. அங்கிருந்து ஒரேயொரு குரல் செய்தி வந்தது. பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். "தங்கச்சி சண்டை பிடிக்கிறாள், கலியாணத்துக்கு வராம இப்ப ஏன் வந்தனீ எண்டு. நாலு நாளாய்ப் பிடிக்கிறாள். எனக்கு நல்லாய்க் கிடக்கு." பிறகு தள்ளி எங்கேயோ ஒரு பெண் குரல் உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டது. மிக உரத்த குரல். உங்கள் தங்கைக்கு நுரையீரல் நல்ல சுகம் என்று நினைத்துச் சிரித்தேன்.

மார்கழியில் சின்னச் சில்லுகளில் உருளும் ஒட்சிசன் பெட்டியோடு நூலகத்துக்கு வந்தீர்கள். அது என்ன என்று கேட்ட பிள்ளைகளுக்கு, கூட வரும் நாய்க்குட்டி என்று ஜெர்மன் மொழியில் சொன்னீர்கள். அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்கள். கல்யாணம் சென்ற மாதம் நடந்தது.

அக்கா, இப்போது இந்த வேலை எனக்கு நன்றாக வருகிறது. சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தாலும் உங்களிடம் சொல்லலாம். பக்கத்து ஊர் நூலகங்களிலிருந்து என்னைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். நான் இருந்த இடத்திலிருந்தே அவர்களின் தேடலைத் திருத்திக் கொடுக்கிறேன். வாசகர்களிடம் தேட முன்னரே ஒன்று கேட்கிறேன்: கிடைக்கும் எல்லாம் வேண்டுமா, எதையாவது பார்க்க விருப்பமில்லையா? அதைத் தீர்மானிப்பது அவர்கள். போன மாதம் ஒரு பெண், எவ்வளவு காலம் என்பதைப் பற்றிய எதுவும் தன் கண்ணில் படக்கூடாது என்றார். அப்படியான இரண்டு கட்டுரைகளைக் கடித உறையில் போட்டு ஒட்டி, கோப்பின் கடைசியில் வைத்தேன். குறிப்பில் எழுதினேன்: 'ஏழு, அதில் இரண்டு உறைக்குள்.' அவர் அதை உடைப்பாரோ இல்லையோ, எண்ணிக்கை சரி.

நேற்று அண்ணை போகும் முன் சொன்ன ஒரு சொல்லை எழுத வேண்டும். கோப்பை என் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு அடி நடந்து, திரும்பி வந்தார்.

"ஒம்பதும் உள்ளுக்கை கிடக்கு, பிள்ளை. நான் எண்ணிப் பாத்தனான்."

அவர் போன பிறகு நானும் எண்ணினேன். பதினான்கு. ஒவ்வொன்றின் மூலையிலும் நீலப் பேனையால் சின்னச் சரி அடையாளம். முதல் பக்கத்தில், என் தேடல் குறிப்பின் அடியில், நீங்கள் அடிமட்டம் வைத்து இரண்டு கோடுகள் வரைந்திருந்தீர்கள். 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து; நீங்கள் எண்ணிய அந்தப் புதன்கிழமையின் திகதி. 'அடுக்கியவர்' என்ற இடம் வெறுமையாக இருந்தது. நீங்கள் எனக்காக விட்டுவைத்த இடம் ஒரு வருடத்துக்கு மேல் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பழைய திகதியைப் போட மனம் வரவில்லை. நேற்றைய திகதியையே போட்டேன்.

நாளை காலை ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் வருவார். மனைவியும் கூட வருவதாகச் சொன்னார். நோய் மனைவிக்கு, எல்லாம் வேண்டும் என்று சொன்னதும் மனைவிதான். அவர்களுக்கான கோப்பு என் மேசையில் இருக்கிறது, இழுப்பறைக்குள் அல்ல. பதினொரு கட்டுரைகள். இரண்டு முறை எண்ணிவிட்டேன். குறிப்பின் அடியில் இரண்டு கோடுகள் வரைந்திருக்கிறேன். முதலாவதில் என் கையெழுத்து இருக்கிறது.