இரண்டு வெற்றிலைத் தூரம்

லைத்மாவ்
3 ஜூலை 1993

என் அக்காள் பெற்ற கடைக்குட்டியும் இந்த வீட்டின் வருங்கால மகாராணியுமான ரிமிகிக்கு,

உன் தாய்மாமன் ரோஸ்டர்வெல் அளவற்ற ஆசிகளுடன் எழுதுவது. நீங்கள் புறப்படுமுன் இதை உன் கூடையில் கருவாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் செருகி வைக்கிறேன். நீ கருவாட்டைத் தேடாமல் இருக்கமாட்டாய் என்பதால் தபாலைவிட இது நிச்சயமானது.

மழையைப் பற்றி என்ன சொல்ல. காலையில் ஒரு மீன் வாசற்படி வரை வந்து, ஆறு எந்தப் பக்கம் என்று விசாரித்தது. கோழிகள் நீந்தப் பழகிவிட்டன, சேவல் மட்டும் கௌரவம் பார்க்கிறது. இந்த மழையில் புருஷனும் பெண்டாட்டியுமாக மலையிறங்கி நடந்தே உம்தெங் போகிறீர்கள். உயிருள்ள மரவேர்களை ஆற்றுக்குக் குறுக்கே வளைத்து வேர்ப்பாலம் பின்ன இதுதான் பருவம், மழையில் ஊறினால்தான் வேர் சொன்னபடி வளையும் என்கிறான் உன் புருஷன் ஷான்போர். அவன் அம்மா ஊர்ப் பாலம், போகட்டும். சாலையில் மண் சரிந்து கிடப்பதால் வண்டியும் கிடையாது.

வழி சொல்கிறேன், கேள். கல்படி இறங்கி ஆரஞ்சுத் தோட்டம் வரை ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற தூரம். அங்கிருந்து ஆற்றுப் பாலத்துக்கு இரண்டு வெற்றிலை. போன வருடம் நானே மென்று அளந்த தூரம். தோட்டத்தில் மத்தியானச் சோறு தின்று, ஒரு தூக்கம் போட்டு, சாவகாசமாக எழுந்தாலும் வெளிச்சத்தோடு போய்ச் சேரலாம்.

பெண்டாட்டி வீட்டோடு வந்து இருக்கிற நம் விருந்தாளியை, அதுதான் உன் புருஷனை, பத்திரமாகக் கூட்டிப்போ. அவன் கோபித்துக்கொண்டால், மாமா ஆசையாகத்தான் அப்படிக் கூப்பிடுகிறார் என்று சொல். உன் அம்மா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாத நாளில் நான் அடுப்பங்கரைப் பக்கம் போவதில்லை. இந்த மாதம் முடிவதற்குள் இரண்டு பேரும் வந்துவிடுங்கள்.

குப்லேய், கடவுள் காக்கட்டும்.
மேகங்களுக்குச் சுங்கம் வசூலிக்கும்
ரோஸ்டர்வெல்


வழியில் ஒரு குடிசை
5 ஜூலை

அன்புள்ள மாமாவுக்கு,

ரிமிகி எழுதுவது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதைப் படியுங்கள்.

நீங்கள் சொன்னபடி தோட்டத்தில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சாவகாசமாகக் கிளம்பினோம். நான் ஒரு வெற்றிலை போட்டேன், தீர்ந்தது. இரண்டாவதும் தீர்ந்தது. பாலமும் இல்லை, ஆற்றுச் சத்தமும் இல்லை. மூன்று, நான்கு, கடைசியில் வாய் வெந்துபோய் மெல்லுவதையே விட்டுவிட்டேன். பாதிப் படியில் இருட்டிவிட்டது. தலையையும் முதுகையும் மூடிய ஓலைக் கவசத்தைத் தாண்டி மழை அடித்தது. பாசிப் படியில் அவருக்குக் கால் வழுக்கி, கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது. பிரிஞ்சி இலை பறிக்கிற பெல்மா அக்கா எங்கள் குரல் கேட்டு விளக்கோடு வராவிட்டால், அந்தப் படியிலேயே அட்டைகளுக்குத் தீனியாகியிருப்போம்.

இந்தக் கணக்கை யார் சொன்னது என்று அக்கா கேட்டாள். எங்கள் மாமா என்றேன். "அவருக்குப் பல்லு இருக்கா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. நாளை அவள் சந்தைக்கு ஏறி வருகிறாள், இதை அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். சூடாகத் தேநீர் கொடுங்கள்.

இன்னொன்று, மாமா. அவர் காலைக் கட்டத் துணி தேடி அவர் கூடையைப் பிரித்தேன். அடியில் கம்பளிச் சால்வை, சர்ச்சுக்குப் போடுகிற கோட்டு, அவருடைய தச்சு உளிகள் எல்லாம் இருந்தன. வேர் பின்ன உளி எதற்கு? கீழே புழுங்கும் ஊரில் கம்பளி எதற்கு? நான் அவரிடம் கேட்கவில்லை. உங்களைக் கேட்கிறேன்.

ரிமிகி


லைத்மாவ்
7 ஜூலை

கண்ணே ரிமிகி,

உன் பெல்மா அக்காள் வந்தாள். தேநீர் கொடுத்தேன். குடித்து முடித்து, என்னை வாயைத் திறக்கச் சொல்லி, குதிரை வாங்குகிறவளைப் போல உள்ளே எட்டிப் பார்த்தாள். "மேல மூணு பல்லு, கீழ ஒண்ணுமே இல்ல. இவர் ஒரு வெத்தலையை மென்னு முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு புள்ளையப் பெத்து வளத்துக் கட்டிக் குடுத்துடுவேன்" என்றாள். உன் அம்மா மூன்று நாளுக்குப் பிறகு அப்போதுதான் வாயைத் திறந்தாள், சிரிப்பதற்காக. பிறகு உன் கடிதத்தைப் படித்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

என்ன செய்ய? கீழ்வரிசைப் பற்கள் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. தூரம் மட்டும் அப்படியே இருந்துவிட்டது.

கால் எப்படி இருக்கிறது? இஞ்சியை நசுக்கிக் கட்டு. ஆறு இறங்கும்வரை அடி எடுத்து வைக்காதே. நேற்று இங்கே பெய்த மழையில் பாதிரியாருடைய குதிரை பங்களாதேஷ் போய், அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டு திரும்பியிருக்கிறது. தூங்கினீர்களா என்று கேட்காதே. மழை தூங்கினால்தானே நான் தூங்க.

கம்பளியைப் பூச்சி அரிக்காமலிருக்கக் கொண்டுபோயிருப்பான். கோட்டு, அங்கேயும் ஞாயிற்றுக்கிழமை வருமல்லவா. உளியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் எழுது. கையில் கிடைத்த எவரிடமாவது கொடுத்தனுப்பு.

மாமா


உம்தெங்
15 ஜூலை

அன்புள்ள மாமாவுக்கு,

பாலத்துக்கு மேல் ஓடிய ஆறு இறங்கியதும் வந்து சேர்ந்துவிட்டோம். அவர் அம்மா பன்றிக்கறியும் சோறுமாகப் போட்டு என்னைக் கொழுக்க வைக்கிறார். அவர் நொண்டிக்கொண்டே போய்ப் பாலத்தில் உட்கார்ந்து, இளம் வேர்களைப் பாக்கு மரப்பட்டைக்குள் நுழைத்து அக்கரைக்குத் திருப்பிவிடுகிறார். இந்த வேர் அக்கரை மண்ணைத் தொடும்போது நம் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள் என்கிறார். நம் என்று அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டு நான் இரண்டு நாள் இருந்தேன்.

நேற்றுக் கேட்டுவிட்டேன். திரும்பி வருகிற எண்ணம் இல்லையா என்றேன். வேரைத் திருகிக்கொண்டே பேசினார். அவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் எழுதுகிறேன்.

"உங்க வீட்டுத் தகரத்து மேல வருஷா வருஷம் புல்லு போடறது யாரு? நான். மழைச் சத்தத்துல ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்கலைன்னு உங்கம்மா சொன்னாங்கன்னுதான் போட்டேன். அதுக்கப்புறம்தான் எனக்கு எல்லாம் தெளிவாக் கேட்டுச்சு. தெனம் சோறு போடும்போது உங்க மாமா, 'விருந்தாளிக்கு மொதல்ல போடுங்க.' எல்லாரும் சிரிப்பாங்க. நீயும் சிரிச்சே, ரிமிகி."

நான் சிரித்தேன்தான், மாமா. நீங்கள் சொன்னால் யாருக்குச் சிரிப்பு வராது?

வருகிற சந்தை நாளில் நான் ஏறி வருவேன். நம் வழக்கப்படி வீட்டைக் காக்க வேண்டிய கடைசி மகள் அம்மாவின் அடுப்பை விட்டு இங்கே இருந்துவிட முடியாது, அது அவருக்கும் தெரியும். நான் தனியாக வந்தால் இந்தக் கல்யாணம் அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தடுக்கவும் மாட்டார், சண்டை போடவும் மாட்டார். படி முடியும் இடம்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். எனக்கு வேண்டாம், அவருக்கு எழுதுங்கள்.

ரிமிகி


லைத்மாவ்
18 ஜூலை

ஷான்போர்,

இங்கே மழை. கூரையில் கிழக்கு மூலையில் புல் சரிந்திருக்கிறது. நான் ஏறிப் பார்த்தேன், எனக்குச் செய்ய வரவில்லை.

என் மனைவியின் வீட்டில் நான் பல வருடம் இருந்தேன். அவள் இறந்த பிறகு ஒருநாள் என் துணிகளை மூட்டை கட்டினேன். அவளுடைய அக்கா தங்கைகள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். நல்லவர்கள். வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தார்கள். போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் வாசலில் செருப்பை மாட்டக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ வந்த முதல் நாளே உன்னைப் பார்த்ததும் எனக்கு அந்த வாசல் ஞாபகம் வந்தது. அதனால்தான் விளையாட்டாக விருந்தாளி என்று பேர் வைத்தேன் போலிருக்கிறது.

நீ போகாதே. இதைச் சொல்ல வேண்டியவன் இந்த வீட்டில் நான்தான். என் அக்காவும் சொல்லச் சொன்னாள்.

கால் ஆறியதும் வா.

ரோஸ்டர்வெல்


உம்தெங்
21 ஜூலை

மாமா,

உங்கள் கடிதத்தைப் பாலத்தில் வைத்துத்தான் அவரிடம் கொடுத்தேன். படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு என்னிடம், "இது உங்க மாமா கையெழுத்துதானா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"ஒரு பொய்கூட இல்லையே" என்றார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டார், மழை என்றார். அப்புறம் எழுந்து, "மனுசனுக்கு ஒடம்புக்கு என்னமோ ஆயிடுச்சு, ரிமிகி. நல்லா இருக்கறவர் இப்படி எழுத மாட்டார். காலைல கெளம்பி ஏறிப் போய்ப் பாத்துடலாம்" என்றார். அவர் அம்மாவிடமும் அதையே சொன்னார். அந்த அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வழிக்குச் சோறு கட்ட அரிசி ஊறப்போடப் போய்விட்டார்.

இப்போது கூடை கட்டிக்கொண்டிருக்கிறார். எதை எடுத்து வைக்கிறார், எதை விட்டுவைக்கிறார் என்று பார்க்க எனக்குப் பயம். அதனால் முதுகைத் திருப்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். பாக்குச் சுமைக்காரர் இன்றே ஏறுகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இவர் கால் இன்னும் நொண்டுவதால் நாங்கள் மெல்லத்தான் வருவோம், இந்தக் கடிதம் எங்களை முந்திக்கொண்டு வந்து சேர்ந்துவிடும்.

ஆகவே மாமா, நாங்கள் வாசலுக்கு வரும்போது நீங்கள் படுக்கையில் இருக்க வேண்டும். அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டால் போதும். பிராணன் போகிற மாதிரி ஒன்றும் செய்துவிடாதீர்கள், உங்களை எனக்குத் தெரியும். சாதாரண ஜுரம், மாமா. சாதாரண ஜுரம் மட்டும்.

ரிமிகி