மதினிக்கும் எனக்கும் பொதுவான மாத்திரை டப்பா

என் அருமை மதினி,

நீங்கள் இருக்கிற இடத்தில் மூட்டு வலியே கிடையாதாமே, நிஜமா? இங்கே தாராளமாக இருக்கிறது. உங்கள் பங்கையும் சேர்த்து நானே அனுபவிக்கிறேன். அண்ணன் சௌக்கியம். நீங்கள் போய் இரண்டு வருடமாகியும் ரசப்பொடி எந்த டப்பாவில் என்று தெரியாமல், ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்துத் தும்முகிறார்.

நேற்று நம் குட்டி டாக்டரைப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம் கூத்து தெரியாதே. அவர்களுக்காக முன்கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுங்கள்.

கல்கத்தா டாலிகஞ்சில் நம் குடியிருப்புக்கு, நாம் குட்டி என்று பெயர் வைத்த அந்த ஒல்லி டாக்டரோடு ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தார்களே, மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பைப் பற்றி ஆராய்ச்சி, சேர விருப்பமா என்று. எதிர்வீட்டு ஷிப்ராதிக்கும் ஆசைதான். ஆனால் அந்த அம்மாள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த வயதுக்கு இதில் இடமில்லை. நிஜ வயதைச் சொல்லிவிட்டு அப்புறம் தெருவில் எப்படி நடமாடுவது? ஜன்னல் திரையை விலக்கி, நாம் பெயர் கொடுப்பதை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் போல ஆபீஸ் லீவுக்குச் சாக்குத் தேடிச் சேர்ந்தவரில்லை நீங்கள். எலும்பின் அளவுகளெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்களைப் பார்த்து எழுதியவை, நம் பெண்களை யாரும் அவ்வளவாக அளந்ததில்லை என்று குட்டி டாக்டர் போகிறபோக்கில் சொன்னார். உங்களுக்கு வந்ததே ரோஷம்!

"ஏட்டி கோமு, ரசஞ்சோறு தின்ன எலும்புன்னா அவ்வளவு இளக்காரமா? நம்மளையும் ஒருத்தன் அளந்து எழுதட்டும். வா, போவோம்."

படம் எடுக்கிற அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். "எலும்பு மட்டுந்தான் தெரியும் மதினி" என்றேன். "எடுக்கிறவனுக்கு நான் தெரிவேம்லா" என்றீர்கள். சரிகை ஆகாது என்று அங்கே ஒரு தொளதொள அங்கியை மாட்டிவிட்டு, மல்லாக்கப் படுக்கவைத்து இடுப்பையும் முதுகையும் படம் பிடித்தார்கள்.

அப்புறம் ஆளுக்கு ஒரு பாட்டில் மாத்திரை. ஒருவர் பாட்டிலில் நிஜ மருந்து இருக்கலாம், இன்னொருவருடையதில் வெறும் மாவு இருக்கலாம், யாருக்கு எது என்று தனக்கே தெரியாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அதுதான் உங்களை அரித்தது.

"ஒரே வீட்டுல ஒருத்திக்கு மருந்து, இன்னொருத்திக்கு மாவா? நாளைக்கு உனக்கு இடுப்பு ஒடிஞ்சா, மதினிக்காரி நல்ல மாத்திரையா பாத்து முழுங்கிட்டான்னு சொல்ல மாட்டாளுவளா?"

இரண்டு பாட்டிலையும் எவர்சில்வர் டப்பாவில் கொட்டிக் குலுக்கினீர்கள். தினமும் காலையில் காப்பியோடு ஆளுக்கு ஒன்று. கல்யாணமாகாத நாத்தனாரிடம் இத்தனை நியாயமாக நடந்துகொண்ட மதினி கல்கத்தாவில் வேறு யார்? எம்.ஏ. படித்த நானும் கண்கலங்கி வாயைத் திறந்தேன்.

மீதி மாத்திரையைக் கொண்டுவரச் சொன்னபோது, பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்துப் பெருமையாக டாக்டரிடம் நீட்டினீர்கள்.

"இதுல உங்களோடது எது மாஷிமா?" என்றார். நாம் இருவருமே அவருக்கு மாஷிமா, அதாவது சித்தி.

"தூஜொனேர்!" என்றீர்கள். இரண்டு பேருடையதும் என்று, கரியாஹாட் சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசிக் கற்ற வங்காளத்தில்.

பாவம், தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஷர்போனாஷ் மாஷிமா! சர்வநாசம்! இனி எந்த மருந்து யாருக்கு வேலை செஞ்சதுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?" மருந்துக் கணக்கிலிருந்து நம்மை எடுத்துவிட்டார்கள்.

திரும்பும்போது காளிகாட்டில் மெட்ரோ ஏறி, ஜன்னலுக்கு வெளியே இருட்டையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். டாலிகஞ்ச் வரும்போது ஒரே ஒரு கேள்வி. "அப்போ நம்ம எலும்பு கணக்குல வராதாட்டி?"

இறங்குகிற அவசரத்தில் உங்கள் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அந்தக் குறையோடுதான் போனீர்களா மதினி?

போன வாரம் குட்டி டாக்டர் போன் செய்தார். இப்போது மாத்திரை கிடையாது, வருடா வருடம் அளந்து பார்ப்பது மட்டுந்தான், வருகிறீர்களா என்று. நேற்றுத் தனியாகப் போனேன். அவருக்கு இப்போது நல்ல தொப்பை. குட்டி என்று நாம் இனிமேல் சொல்ல முடியாது. நீங்கள் இல்லை என்று கேட்டதும் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"உங்க மதினி மாத்திரைய வாயில போடறதுக்கு முன்னாடியே முதல் படம் எடுத்துட்டோமே மாஷிமா. அதுல ஒரு கலப்படமும் இல்லையே. நம்ம ஊர்ப் பெண்களோட அளவுன்னு இப்போ தனியா ஒண்ணு போட்டிருக்கோம். ரெண்டு பேருமே இதுல இருக்கீங்க."

கேட்டீர்களா மதினி? கணக்கில் வந்துவிட்டீர்கள்!

திரையில் கடுகைச் சிந்தினது போல ஒரே புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு பெண்ணாம். குறுக்கே போனால் வயது, மேலே போனால் எலும்பின் பலம். "இதுல எங்க மதினி எது?" என்று கேட்டேன். பெயர் கிடையாது, யார் எது என்று பார்க்கவும் கூடாது என்றுவிட்டார்.

அவர் சொல்லாவிட்டால் என்ன? கூட்டத்தை விட்டுத் தள்ளி, மேலே, யாருக்கோ புத்தி சொல்கிற தோரணையில் ஒரு புள்ளி நின்றது. அதற்குக் கீழே, திட்டு வாங்கிக்கொண்டு ஒன்று. எனக்குச் சந்தேகமே இல்லை. டாக்டர் பேனா தேடிய நேரத்தில், மேலே இருந்ததை விரலால் ஒருதரம் தொட்டுக்கொண்டேன்.

அடுத்த வருடமும் கூப்பிடுவார்களாம். கூப்பிடுகிற வரைக்கும் போவேன் மதினி. நீங்கள் இருந்து எட்டாத வயதுகளுக்கு நேரே அந்தத் திரை இன்னும் காலியாகக் கிடக்கிறது. அங்கேயும் நம் வீட்டு எலும்பு ஒன்று நிற்கட்டும்.

இன்னும் எங்கேயும் ஒடியாத உங்கள் நாத்தனார்,
கோமு